ஒரு தெருவுக்கு ஓர் ஓவன்

செங்கல்லால் குவிமாடம் எழுப்பி, உள்ளே விறகு எரித்து, அந்தச் சூட்டில் ரொட்டியும் பீட்சாவும் சுடும் ஓவனை வீட்டிலேயே கட்டிக்கொள்ள முடியுமா? முடியும். சென்னையை அடுத்த ஆவடி போன்ற ஊரில் அதற்கு வேண்டிய பொருளில் பெரும்பகுதி பக்கத்திலேயே கிடைக்கிறது. பொறுமையுள்ள ஒரு கொத்தனாரும் ஒரு சித்தாளும் போதும். ஆனால் கட்டலாமா என்று கேட்டால் பதில் அத்தனை சுலபமாக வராது. அந்த ஓவன் எவ்வளவு சூட்டைப் பிடித்து வைக்கும், அந்தச் சூட்டை எத்தனை பேர் பயன்படுத்துவார்கள் என்ற இரண்டையும் பார்த்த பிறகுதான் முடிவுக்கு வர வேண்டும். பலர் இந்த இரண்டையும் விட்டுவிட்டு, எந்தச் செங்கல் வாங்குவது என்பதிலேயே நின்றுவிடுகிறார்கள்.

இது தமிழருக்குப் புதிய பொருள் அல்ல. யாழ்ப்பாணத்தில் இதைப் போறணை என்பார்கள். விறகும் தேங்காய்ச் சிரட்டையும் எரித்துச் சூடேற்றிய போறணையில் வெந்த பாணுக்கு (ரொட்டிக்கு) அங்கே இன்றும் தனி மதிப்பு உண்டு. கேரளத்தில் போர்மா. தலச்சேரியில் மாம்பள்ளி பாபு 1880-இல் தொடங்கிய ராயல் பிஸ்கட் ஃபாக்டரியின் உயிர்நாடி அப்படிப்பட்ட போர்மாதான். மர்டாக் பிரவுன் என்ற தோட்ட முதலாளி கேட்டுக்கொண்டதற்காக 1883-இல் அவர் சுட்டுக் கொடுத்ததே இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று சொல்வார்கள். தூத்துக்குடி மக்ரூன் வளர்ந்ததும் விறகு அடுப்பில்தான். சென்னை வேப்பேரியில் 1885-இல் தொடங்கிய ஸ்மித் ஃபீல்ட் பேக்கரியும் விறகு ஓவனுக்குப் பெயர்பெற்றது. வெசுவியஸ் எரிமலை கி.பி. 79-இல் மூடிய பாம்பெய் நகரில் ஒரு ரொட்டிக்கடை ஓவனுக்குள் 81 ரொட்டிகள் கரிந்த நிலையில் அப்படியே கிடைத்தன. அந்த ஓவனையும் இன்று ஒருவர் கட்டும் ஓவனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெரிய வேறுபாடு தெரியாது: தட்டையான தளம், மேலே தாழ்வான குவிமாடம், முன்னால் ஒரு வாய்.

இவை எல்லாமே ஊருக்குப் பொதுவான ஓவன்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். வீட்டுக்கு ஒன்று என்ற வழக்கம் பல ஊர்களில் இருந்ததில்லை. மொராக்கோவில் பெண்கள் வீட்டில் மாவு பிசைந்து, தெருவின் பொது ஓவனில் கொடுத்துச் சுட்டு வாங்குவார்கள். சென்னையிலும் கிறிஸ்துமஸ் நெருங்கும்போது கேக் கலவையைத் தட்டில் ஊற்றி, பேக்கரிக்கு எடுத்துப்போய், கூலி கொடுத்து வேகவைத்து வாங்கி வந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஏராளம். இப்படிச் செய்ததற்கு வறுமை காரணமல்ல. ஓவனின் இயல்பே அப்படி.

அந்த இயல்பு என்னவென்று பார்ப்போம். சமையல் அடுப்பில் தீ எரியும்வரைதான் சமையல். இந்த ஓவனில் தீ வேறு, சமையல் வேறு. இரண்டு மூன்று மணி நேரம் உள்ளேயே விறகை எரிக்கிறோம். சூட்டைச் செங்கல் குடிக்கிறது. பிறகு கங்கை ஓரமாகத் தள்ளியோ முழுவதும் வெளியே இழுத்தோ, தளத்தை ஈரச் சாக்கால் துடைத்து, மாவை உள்ளே வைக்கிறோம். தளம் அடியிலிருந்து சுடுகிறது, குவிமாடம் மேலிருந்து அனல் வீசுகிறது. வாயை மூடிவிட்டால், ரொட்டியிலிருந்து கிளம்பும் ஆவி உள்ளேயே நின்று மேல்தோலை மொறுமொறுப்பாக்குகிறது. தீ கொழுந்துவிடத் தொடங்கும்போது குவிமாடத்தின் உட்புறம் கரியால் கறுத்துப் போகும். சூடு 350 டிகிரியைத் தொடும் வாக்கில் அந்தக் கரியும் எரிந்து செங்கல் மறுபடி வெளுக்கும். ஓவன் தயார் என்பதற்கு பேக்கரிக்காரர்கள் நம்பும் அடையாளம் அதுதான், வெப்பமானி பிறகுதான்.

நெப்போலி முறைப் பீட்சாவுக்கு 430 டிகிரிக்கு மேல் வேண்டும், ஒன்றரை நிமிடத்தில் வெந்துவிடும். ரொட்டிக்கு 230 முதல் 250 டிகிரி போதும். கேக்குக்கு 180. அதற்கும் கீழே இறங்கும்போது முழுக் கோழி, மண்சட்டியில் தம் போட்ட பிரியாணி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு. மறுநாள் காலையில் 100 டிகிரிக்குக் கீழே இருக்கும் மிச்சச் சூட்டில் கேழ்வரகு பிஸ்கட்டை மொறுக வைக்கலாம், முருங்கைக் கீரையை உலர்த்தலாம். ஒருமுறை ஏற்றிய சூடு இப்படி ஒரு பகலும் ஓர் இரவும் படிப்படியாக இறங்குகிறது. வரிசை தெரிந்தவருக்கு ஒரு துளிச் சூடும் வீணாகாது. ஒரே ஒரு பீட்சாவைச் சுட்டுவிட்டு வாயைத் திறந்தபடி விட்டுப் போகிறவர் விறகில் பெரும்பகுதியைக் காற்றுக்குத்தான் எரித்தார்.

வீட்டுக்கு ஏற்றது உள்விட்டம் 90 சென்டிமீட்டர் உள்ள ஓவன். குவிமாடத்தின் உயரம் 45 சென்டிமீட்டர். 9 அங்குலம், 4½ அங்குலம், 3 அங்குலம் அளவுள்ள செங்கல்லைப் பாதியாக வெட்டி, 4½ அங்குலக் கனத்தில் அடுக்கினால் குவிமாடத்துக்கு ஏறத்தாழ 100 செங்கல் பிடிக்கும். தளத்துக்கு 40. வாசல் வளைவுக்கும் சேதாரத்துக்கும் சேர்த்து 180 வாங்கினால் தாராளம். சூடேறும் செங்கல்லின் எடை மட்டும் அரை டன்னைத் தாண்டும். அதைச் சராசரியாக 300 டிகிரி உயர்த்த வேண்டிய வெப்பம் ஏறக்குறைய பத்து கிலோ காய்ந்த விறகுக்குள் இருக்கிறது. புகைபோக்கி வழியே போவதையும் சேர்த்துக்கொண்டால் 20 கிலோ. ஓவனை எத்தனை பேர் பயன்படுத்தினாலும் இந்த 20 கிலோ மாறாது.

இனிப் பொருள்களுக்கு வருவோம். சூட்டைத் தாங்கவென்றே செய்த ஃபயர் பிரிக் இல்லாமல் ஓவன் கட்டவே கூடாது என்று பலர் நம்புகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. திருவள்ளூர் மாவட்டத்துச் சூளைகளில் வேகும் நல்ல சேம்பர் செங்கல் ஏற்கெனவே 900 டிகிரியைப் பார்த்து வந்தது. வீட்டு ஓவனின் குவிமாடம் 500 டிகிரியைத் தாண்டுவது அபூர்வம். செங்கல் உருகிவிடும் என்ற பயத்துக்கு இடமே இல்லை. சூடாகிச் சூடாகி ஆறுவதால் விரிசல் விடுவதும் மேல்தோல் உதிர்வதும்தான் உண்மையான சிக்கல். தீயும் கங்கும் நேரே கிடக்கும் தளத்தில் அது அதிகம், அங்கே உதிரும் துகள் ரொட்டியிலும் ஒட்டும். ஆகவே தளத்துக்கு மட்டும் ஃபயர் பிரிக் வாங்கிவிட்டு, குவிமாடத்துக்கு நன்றாக வெந்த செங்கல்லைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஒரு ஃபயர் பிரிக் விலையில் பல நாட்டுச் செங்கல் வாங்கலாம். அந்த மிச்சப் பணத்துக்கு வேறு முக்கியமான வேலை இருக்கிறது.

செங்கல்லைத் தேர்வது நம் கொத்தனார்களுக்குக் கைவந்த கலை. இரண்டைத் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். நகத்தால் கீறினால் கோடு விழக்கூடாது. இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் உடையக்கூடாது. தண்ணீரில் ஒருநாள் ஊறினால் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடக்கூடாது. கண்ணாடிபோல் மினுங்கும் அளவுக்கு வெந்து முறுகிய கல்லையும் ஒதுக்க வேண்டும், அது சூட்டில் சட்டென்று தெறிக்கும். செங்கல் வாங்கும்போது இன்னொன்றையும் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இந்த மாவட்டத்துச் சூளைகளில் ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்களும் இருளர் குடும்பங்களும் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்த வரலாறு உண்டு. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்த பிறகும் இங்கே மீட்புகள் நடந்தன. அப்படி மீட்கப்பட்ட இருளர் குடும்பங்கள் ‘சிறகு’ என்ற பெயரில் தாங்களே சூளை நடத்தும் முயற்சியும் இதே மாவட்டத்தில் பிறந்தது. இருநூறு செங்கல் வாங்குகிறவர் யாரிடம் வாங்குகிறோம் என்று ஒருமுறை விசாரிப்பது பெரிய சுமை அல்ல.

கலவையில்தான் அதிகமான ஓவன்கள் கெடுகின்றன. வீடு கட்டும் பழக்கத்தில் மேஸ்திரி சிமெண்டைக் குழைப்பார், தடுக்க வேண்டும். இறுகிய சிமெண்டுக்குள் இருக்கும் சுண்ணாம்புப் பகுதி 400 டிகிரிக்கு மேல் தன் நீரை இழக்கிறது. ஓவன் ஆறியதும் காற்றின் ஈரத்தை இழுத்து மறுபடி ஊதுகிறது. நாலைந்து முறை இப்படி நடந்தால் இணைப்பு பொடிப்பொடியாகிவிடும். ஒரு பங்கு களிமண், இரண்டிலிருந்து மூன்று பங்கு சலித்த மணல், அவ்வளவுதான் வேண்டும். களிமண்ணைப் பானை செய்கிறவர்களிடம் கேட்டு வாங்கலாம், அல்லது கடையில் ஃபயர் கிளே மூட்டை வாங்கலாம். சிறு உருண்டைகள் பிடித்து வெயிலில் காயவைத்தால், விரிசல் விட்டதற்கு மணல் போதவில்லை, உதிர்ந்ததற்கு மண் போதவில்லை என்று தெரிந்துவிடும். கலவை செங்கல்லை ஒட்டுவதற்கு அல்ல, உட்கார வைப்பதற்கு. ஆகவே உட்புற இணைப்பு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நல்லது.

குவிமாடத்தைச் சாரம் இல்லாமலும் எழுப்பலாம். தளத்தின் நடுவே ஒரு கம்பியை எல்லாப் பக்கமும் சுழலும்படி நிறுத்தி, அதன் நீளத்தை 45 சென்டிமீட்டராக வைத்துக்கொண்டால் ஒவ்வொரு கல்லின் இடத்தையும் சாய்வையும் அதுவே காட்டும். ஒரு வரிசை வட்டமாக முடிந்ததும் கற்கள் ஒன்றையொன்று நெருக்கிப் பூட்டிக்கொள்ளும். கோவை ஈஷா மையத்தில் ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட்டின் வடிவமைப்பில் எழுந்த தியானலிங்கக் குவிமாடம், 22 மீட்டர் விட்டத்தில், கம்பியும் சிமெண்ட் கான்கிரீட்டும் இன்றி, செங்கல்லால் நிற்கிறது. 90 சென்டிமீட்டர் அதன் முன் ஒரு பொருட்டே இல்லை. கை பழகாதவர்கள் ஈர மணலைக் குவித்து மேடாக்கி, அதன்மேல் அடுக்கி, பிறகு வாய் வழியே மணலை வாரிவிடலாம். மேல் வரிசைகளில் இது சுலபம், பிசகும் குறைவு.

ஓர் அளவை மட்டும் மாற்றவே கூடாது. வாயின் உயரம் குவிமாட உயரத்தில் 63 சதவீதம் இருக்க வேண்டும். 45 சென்டிமீட்டருக்கு 28. அதைவிடத் தாழ்ந்தால் தீக்குக் காற்று போதாமல் புகையும். உயர்ந்தால் சூடு மேலே நில்லாமல் வெளியே வழிந்துவிடும். பெரிய பாத்திரம் போகவில்லையே என்று வாயை உயர்த்தச் சொல்லும் வீட்டாரிடம் கொத்தனார் பிடிவாதமாக இருக்க வேண்டும். புகைபோக்கி வாய்க்கு வெளியே, முன்வளைவின்மேல் அமையும். குவிமாடத்தின் உச்சியில் ஓட்டை போடுவது நம் ஊரில் அடிக்கடி நடக்கும் தவறு, சூடு முழுக்க அந்த வழியே போய்விடும்.

மிச்சம் பிடித்த பணத்துக்கு வேலை இங்கேதான். வெப்பக் காப்பு என்ற ஒன்றைப் போடாமல் கட்டிய ஓவன் வெறும் செங்கல் மேடு. செங்கல் சூட்டைக் குடிக்கும், ஆனால் பிடித்து வைக்காது. தளத்துக்கு அடியில் காப்பு இல்லையென்றால் சூடு பீடத்துக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். மேலே பீட்சா வெந்து அடியில் வேகாமல் நிற்கும் ஓவன்களின் நோய் அதுதான். இதற்குத் தமிழ்நாட்டிலேயே அருமையான பொருள்கள் இருக்கின்றன. திருப்பத்தூரை அடுத்த சேவத்தூரில் அரசின் டாமின் நிறுவனம் வெர்மிகுலைட் எடுக்கிறது. சூட்டில் பொரிந்து உப்பிய அந்தத் தாது சூட்டை எளிதில் கடத்தாது, சிமெண்ட் கொஞ்சம் சேர்த்து நான்கு அங்குலம் தளத்துக்கு அடியில் போடலாம். ஆவடிக்குப் பக்கத்தில் செங்குன்றத்து அரிசி ஆலைகளில் கிடைக்கும் உமிச்சாம்பல் இன்னும் மலிவு. அதில் பெரும்பகுதி சிலிக்கா. இரும்பு ஆலைகளில் உருகிய எஃகின்மேல் சூடு போகாமல் மூடுவதற்கே உமிச்சாம்பலைப் பயன்படுத்துகிறார்கள். செங்கல்லைவிடப் பத்து மடங்குக்கு மேல் சூட்டைத் தடுக்கும். குவிமாடத்தைச் சுற்றி ஒரு வெளிச்சுவர் எழுப்பி, இடையில் ஆறு அங்குலம் உமிச்சாம்பலைக் கொட்டி நிரப்பினால், விலையுயர்ந்த செராமிக் ஃபைபர் போர்வையின் வேலையை அது செய்துவிடும். போர்வைதான் வேண்டும் என்றால், அம்பத்தூர் தொழிற்பேட்டையின் உலைகளுக்கு லைனிங் போடுகிறவர்களைக் கேட்டால் எங்கே வாங்குவது என்று சொல்வார்கள். அதன் நார்த்துகள் நுரையீரலுக்குத் தீங்கு. முகக்கவசம் இல்லாமல் தொடக்கூடாது, போட்டபின் திறந்தும் விடக்கூடாது. உமிச்சாம்பலைக் கொட்டும்போதும் முகக்கவசம் அவசியம்.

இடம் என்றால் ஆவடியில் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது மொட்டைமாடி. காற்றும் புகையும் மேலே போய்விடும், கீழே இடமும் மிச்சம். ஆனால் ஆட்கள் நடமாடும் மொட்டைமாடிக்கு இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கும் பாரம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ. ஒன்றரை மீட்டர் சதுரத்தில் 340 கிலோவுக்கு மேல் தாங்கும்படி அது கணக்கிடப்படவில்லை. ஓவன் பீடத்தோடு இரண்டு டன்னைத் தொடும். பொறியாளர் தனியாகக் கணக்கிட்டுத் தூண்மேல் உட்கார வைக்காதவரை மாடியில் கட்டவே கூடாது. கீழேயும் பக்கத்து மதிலுக்கு இடையில் விட்டிருக்கும் சந்தில் கட்ட முடியாது. கட்டட விதிகள் அந்த இடத்தைத் திறந்திருக்கச் சொல்கின்றன, தீயணைப்புக்கும் அது வழி.

ஆவடியில் பல மனைகள் ஏரிகளின் பழைய ஆயக்கட்டு நிலம். மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் களிமண். தோண்டி, மண் மாற்றி, கம்பி கட்டிய கான்கிரீட் பலகை போட்டு அதன்மேல் பீடம் எழுப்பாவிட்டால் ஓவன் ஒரு பக்கமாக இறங்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் தண்ணீர் எந்த உயரத்துக்கு நின்றது என்று தெருவில் கேட்டுவிட்டுப் பீடத்தின் உயரத்தை வைப்பது நல்லது. ஓவனுக்குள் புகுந்த ஈரம் அடுத்த தீயில் ஆவியாகி வெடிப்பு விடும். மேலே தகரக் கூரையும் கட்டாயம் வேண்டும். கட்டி முடித்து இரண்டு வாரம் நிழலில் உலரவிட்டு, பிறகு ஒரு வாரம் தினமும் சிறு தீ, முதல்நாள் 100 டிகிரி, மெல்ல மெல்ல 300 வரை. ஆசைப்பட்டு முதல்நாளே பெருந்தீ போட்டால் குவிமாடம் பிளக்கும்.

விறகுக்குச் சவுக்கு நல்லது. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடிய பாதை இன்றைய ஆவடி வழியேதான் போகிறது. அந்தக் காலத்து இன்ஜின்களுக்கு எரிபொருள் தேடித்தான் சென்னைக் கடலோரத்தில் சவுக்குத் தோப்புகள் பெருகின. விறகுத்தொட்டியில் வாங்கும் கட்டை ஈரமாக இருக்கும், பிளந்து இரண்டு மூன்று மாதம் காற்றோட்டமாக அடுக்கி வைக்க வேண்டும். சீமைக்கருவேலமும் கனமானது, நல்ல சூடு தரும், அதை ஒழிப்பதும் ஊருக்கு நல்லது. பெயின்ட் அடித்த மரம், ப்ளைவுட், பெட்டி உடைத்த பலகை எதையும் உள்ளே போடக்கூடாது, நஞ்சு ரொட்டியில் இறங்கும்.

புகையைப் பற்றி மழுப்பாமல் பேச வேண்டும். விறகுப் புகையின் நுண்துகள் நுரையீரலையும் இதயத்தையும் கெடுக்கிறது. 2020-இல் வீட்டுக்குள் எரியும் அடுப்புகளின் மாசால் உலகில் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. விறகும் கரியும் எரிக்கும் மும்பை பேக்கரிகள் ஆறு மாதத்தில் எரிவாயு போன்ற எரிபொருளுக்கு மாற வேண்டும் என்று 2025 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நியூயார்க் நகரம் பழைய விறகு ஓவன்கள் புகைத்துகளை 75 சதவீதம் குறைக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. சென்னையிலும் இது ஒருநாள் வரும், வர வேண்டியதும்தான். காய்ந்த விறகு, மேலிருந்து கொளுத்தி இறக்கும் முறை, பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு மேலே உயரும் புகைபோக்கி ஆகியவை புகையைக் குறைக்கும். முதல் அரைமணி நேரம் எப்படியும் புகையும். எதிர்வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் கட்டாமல் இருப்பதே சரி.

ஆகவே என் முடிவு இது. நான்கு பேர் உள்ள குடும்பம் வாரத்துக்கு ஒரு ரொட்டி, மாதத்துக்கு ஒரு பீட்சா என்றால் மின்சார ஓவன் போதும். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு யூனிட்டில் முடியும் வேலைக்கு 20 கிலோ விறகும் தெருவெல்லாம் புகையும் நியாயமாகாது. ஆனால் பத்துக் குடும்பம் சேர்ந்தால் கணக்கே மாறுகிறது. 90 சென்டிமீட்டர் தளத்தில் அரைக்கிலோ ரொட்டி பத்துப் பன்னிரண்டு ஒரே நேரத்தில் வேகும். காப்பு சரியாக இருந்தால் ஒரு தீயில் இரண்டு மூன்று ஈடு எடுக்கலாம், பிறகு கேக், பிறகு கோழி. அதே 20 கிலோ விறகு பத்து வீட்டுக்குப் பிரிகிறது, புகையும் வாரத்தில் ஒரு காலைக்கு மட்டும். குடியிருப்போர் சங்கத்துக்கு இடம் உண்டு, தேவாலய வளாகத்தில் இடம் உண்டு, பள்ளியிலும் உண்டு. தனி வீட்டுக்குக் கட்டப் பணம் வைத்திருப்பவர் அதைப் பொது இடத்தில் கட்டிக் கொடுக்க முன்வரலாம்.

செய்வதாக இருந்தால் சங்கத்தின் கூட்டத்தில் மார்கழிக்குள் பேசி முடித்துவிடுங்கள். தை பிறந்ததும் பீடம், மாசியில் குவிமாடம், பங்குனியில் உலர்த்தல், ஐப்பசி மழைக்கு முன்னால் கூரை.